ஏழாவது படியில் ஒரு ஜோடி

அந்தப் பங்களாவில் யாருக்கும் பெயர் கிடையாது. செருப்புதான் பெயர். நான் ‘நீலம்’. நீலப் பட்டை போட்ட ரப்பர் சிலிப்பர்; இடது பட்டை அறுந்து, அதை ஊக்கு குத்திச் சமாளித்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கம்பெனி அதிகாரிகள் முன்னால் தன்னம்பிக்கையைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு, வெளியே வந்து குனிந்து அந்த ஊக்கைச் சரிசெய்துகொண்டு நடப்பேன். பங்களாவை நடத்திய அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“என்னா நீலம், அடுத்தவனுக்கு வழி காட்டுறது இருக்கட்டும். மொதல்ல உன் காலுக்கு ஒரு சிலிப்பர் வாங்கு லா.”

அக்காவின் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறந்திருப்பேன். அவர் செருப்பு மட்டும் நினைவிருக்கிறது: கறுப்பு, தட்டை, குதிகால் பக்கம் தேய்ந்து காகிதம் மாதிரி ஆனது. செருப்பு விஷயத்தில் அவருக்கு ஒரு விதி இருந்தது. அதை நான் ஒரு மழை நாளில் மீறினேன். ஒரு மனிதரின் உயிர் அதில் ஊசலாடியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராகப் போய் அதில் இறங்க எனக்குத் தைரியம் போதாது. சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எனக்கு அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூன்று மூட்டை பலூன். கம்பெனி ஊழியர்களை வாரக் கடைசியில் எங்காவது கூட்டிக்கொண்டுபோய், கண்ணைக் கட்டி, கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, ‘பார்த்தீர்களா, இதுதான் ஒற்றுமை’ என்று சொல்வது என் வேலை. பெயர் அட்டையில் ‘மனிதவள மேம்பாட்டுப் பயிற்றுநர்’ என்று போட்டிருந்தேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பப் பாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடம் வந்ததும் என் மனைவி பேனாவை வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள்.

நான் கூட்டிக்கொண்டுபோகிற இடம் பெரும்பாலும் அந்தப் பங்களாதான். கிள்ளானைத் தாண்டி, காப்பாரையும் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் செம்மண் பாதையில் பத்து நிமிடம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ரப்பர் காலத்தில் கட்டியது. செங்கல் தூண்களின் மேல் நிற்கும் பெரிய மரவீடு, சுற்றிலும் அகலமான வராந்தா, நடுவே முப்பது பேர் தாராளமாகப் படுக்கக்கூடிய கூடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. துரை போய்க் கம்பெனி வந்தது. அதுவும் கைமாறி, புது முதலாளியிடமிருந்து பங்களாவை மட்டும் குத்தகைக்கு எடுத்து அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குழுக்களுக்கு விட ஆரம்பித்தார்கள். நான் என் விளம்பரத் தாளில் ‘நூற்றாண்டுப் பாரம்பரியம்! இயற்கையின் மடியில் அமைதி!’ என்று அடித்திருந்தேன். அக்கா அதை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார்.

“ஒழுகும்னு போடலியே?”

முன்வாசலில் ஏழு அகலப் படி. பின்பக்கம் சமையல்கட்டு வழியாக இன்னொரு வாசல் உண்டு. அது அக்காவின் ராஜ்யம், விருந்தாளி யாரும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆகவே உள்ளே போவதும் வெளியே வருவதும் இந்த ஏழு படியில்தான். பேருந்து வந்து நின்றதும் அக்கா கையில் ஈர்க்குவிளக்குமாற்றோடு படிக்குக் கீழே வந்து நிற்பார். வரவேற்புரை ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்.

“கேட்டுக்குங்க. ஆள் உள்ள இருந்தா செருப்பு படியில. ஆள் வெளிய போனா செருப்பு ஆளோட. மூணாவது வழி கெடையாது. அடுத்தவங்க செருப்ப மாட்டக் கூடாது, அஞ்சு நிமிசத்துக்குனாலும் சரி. காலைல எந்த எடத்துல வெச்சீங்களோ அதே எடத்துலதான் ரெண்டு நாளும் வெக்கணும்.”

படிக்கு ஆறு ஜோடி. அதற்குப் பிறகு அவர் யாரையும் தேடிப் போகமாட்டார். படியைப் பார்ப்பார், அவ்வளவுதான். “செவப்பு குதிகால் ரூம்ல இருக்கு. காந்தச் சப்பாத்து ரெண்டு பேரும் சிகரெட்டுக்கு வெளிய போயிருக்கானுங்க” என்று சமையல்கட்டிலிருந்தே சொல்வார். காந்தச் சப்பாத்து என்றால் மாதிரி ஒன்றாக இருக்கிற இரண்டு ஜோடி. எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டே போகுமாம்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பயந்த சுபாவக்காரர்களிடம் பூரான் என்பார். வாஸ்து பார்க்கிறவர்களிடம் வாஸ்து என்பார். என்னிடம், “வாயி பொய் சொல்லும் நீலம். காலு சொல்லாது” என்றார். சொல்லிவிட்டு, அதற்கு மேல் கேட்காதே என்கிற மாதிரி வெங்காயத்தை நறுக்கத் தொடங்கிவிட்டார்.

ஒருமுறை ஒரு கம்பெனி டைரக்டர் வந்தார். இத்தாலியில் வாங்கிய சப்பாத்தாம். படியில் விட மனசில்லாமல் பைக்குள் போட்டு அறைக்கே கொண்டுபோய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாருக்கும் தட்டு இருக்கிறது, அவருக்கு இல்லை.

“எனக்கு எங்கே?”

“நீங்க வெளிய இருக்கீங்க சார்.”

“நான் இங்கதானே நிக்கிறேன்!”

“அது நீங்க சொல்றது. படி சொல்லலியே.”

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையில் இருந்த பல்லியைப் பார்த்தேன். மனிதர் முனகிக்கொண்டே போய்ச் சப்பாத்தைக் கொண்டுவந்து நாலாவது படியில் வைத்த பிறகுதான் தட்டு வந்தது. அடுத்த வருஷ ஒப்பந்தம் எனக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொருமுறை யோகா குழு. புல்லில் வெறுங்காலோடு நடந்தால் பூமியின் சக்தி உடம்பில் ஏறும் என்று இருபது பெண்கள் விடியலில் செருப்பில்லாமல் இறங்கிவிட்டார்கள். அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. “ஏறுங்க! மேல ஏறுங்க! எல்லாச் செருப்பும் படியில இருக்கு, ஆளு ஒண்ணுகூட உள்ள இல்ல! எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, எப்படித் தெரியும்?” குரல் உடைந்து போயிருந்தது. குருஜி பயந்துபோய் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் குரலில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அப்போது தெரியவில்லை.

என்னைப் பற்றித்தான் தெரியுமே, சும்மா இருக்க வராது. ஒரு தடவை கிள்ளான் பாசாரில் புதுச் சிலிப்பர் ஒன்று வாங்கிப்போய், யாருக்கும் தெரியாமல் மூன்றாவது படியில் சொருகிவைத்தேன். அக்கா வந்தார், உதடு அசைய எண்ணினார், அதன் முன்னால் நின்றார். குனிந்து எடுத்துப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார்.

“இதுக்கு ஆள் இல்ல. நடந்த அழுக்கே இல்லாத செருப்பு.” நேராக என்னிடம் நீட்டினார். “உனக்கு நல்லாத்தான் இருக்கும். அந்த ஊக்குச் சனியன விட்டுட்டு இதப் போட்டுக்க.”

போட்டுக்கொள்ளவில்லை. வீம்பு.

இனி ஐயா. ஐயா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஏழாவது படி, அதாவது உச்சிப்படி, அவருக்கு. வலது ஓரத்தில் மண்ணிறத் தோல் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் இருக்கும். பெரிய கால், பட்டையில் கால்விரல்கள் அழுத்திய குழி. அந்தப் படியில் வேறு யாரும் செருப்பு வைக்கக் கூடாது. அக்கா தினமும் அதைத் துடைப்பார், துடைத்த இடத்திலேயே வைப்பார். அந்தப் பங்களாவுக்கு நான் நாலு வருஷமாகப் போகிறேன், ஐயாவை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. கேட்டால், “உள்ள இருக்காரு” என்பார். அவ்வளவுதான். அக்காவின் அறை பின்கோடியில், கதவு எப்போதும் சாத்தியிருக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னால் படியை எண்ணித் தலை எண்ணிக்கை சொல்வது அக்காவின் வழக்கம். “இருபத்தெட்டு. ஐயாவோட இருபத்தொம்பது” என்று முடிப்பார். தட்டும் அந்தக் கணக்குத்தான். இதில் எனக்கு ஒரு வேடிக்கை: அவர் எண்ணி முடித்ததும் நானே மைக்கில், “ஐயாவோட இருபத்தொம்பது!” என்று கத்துவேன். கூட்டம் சிரிக்கும். ஐயா குடிகாரரா, கோபக்காரரா, குளிக்காதவரா என்று நான் விதவிதமாகக் கதை கட்டுவேன். என் சொந்த ஊகம், அப்படி ஒருவரே இல்லை, குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிற விருந்தாளிகளை மிரட்ட அக்கா வைத்திருக்கிற செருப்பு அது என்பது. பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் கோட்டை விட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். பங்களாவில் கைபேசிக்கு லைன் கிடைக்காது. தோட்டத்துக்குள் முந்நூறு அடி நடந்தால் ஒரு பாரிட், ஆள் உயரத்துக்கு வெட்டிய பெரிய வடிகால். அதன் குறுக்கே இரண்டு பலகை போட்ட பாலம். அந்தப் பாலத்தின் மேல் மட்டும் லைன் வரும். அக்கா தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்று எல்லாருக்கும் பதில் அனுப்புவார். நான் எப்போது கேட்டாலும் பதில் ஏழிலிருந்து ஏழரைக்குள்தான் வரும். அதிலும் எத்தனை பேர் என்று கேட்கமாட்டார். “எத்தனை ஜோடி?” என்பார்.

அந்த மழை நாளுக்கு வருகிறேன். இனிச் சுற்ற வழியில்லை.

போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கின் ஊழியர்கள், முப்பத்தொரு பேர். என்னோடு முப்பத்திரண்டு. அவர்களை அழைத்து வந்த மனிதவளப் பிரிவு மிஸ் கவிதாவும் அந்தக் கணக்கில் சேர்த்தி. விளையாட்டில் கவனம் சிதறாமல் இருக்க எல்லாருடைய கைபேசியையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டுவது என் வழக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் கீப்பர் முனியாண்டி அண்ணன் என்னிடம் வந்தார். ஐம்பத்தேழு வயது. தட்டில் சோறு அப்படியே இருந்தது.

“தம்பி, என் ஹேன்போன் கொஞ்சம் வேணும். மக ஆஸ்பத்திரில இருக்கு. தலைப்பிரசவம்.”

சன்னமாகத்தான் சொன்னார். நான் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்திருக்கலாம்.

“முனியாண்டி அண்ணனுக்கு ஹேன்போன் வேணுமாம்! வீட்டு நம்பரா அண்ணே, வேற நம்பரா?”

முப்பது பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போனை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “லைன் இல்லியே தம்பி” என்றார்.

“பாரிட் பாலத்துக்குப் போனா கெடைக்கும் அண்ணே. இந்த கேம் முடியட்டும், போய்ட்டு வாங்க. தப்பிச்சுப் போக முடியாது!”

மறுபடி சிரிப்பு. மறுபடி அவரும் சிரித்தார்.

மூன்றரைக்கு வானம் கறுத்தது. வெளியே வைத்திருந்த கயிறு இழுக்கும் போட்டி போயிற்று. கூடத்துக்குள்ளேயே என்ன செய்வது என்று யோசித்தவனுக்கு அந்த யோசனை வந்தது. எல்லாருடைய செருப்பையும் கூடத்தில் குவித்து, கண்ணைக் கட்டிவிட்டு, உங்கள் ஜோடியைத் தடவிக் கண்டுபிடியுங்கள் என்பது. நல்ல விளையாட்டு. எல்லா ஊரிலும் எடுபடும். அந்தப் பங்களாவில் மட்டும் கூடாது. அது எனக்குத் தெரியும். அக்கா பின்னால் மாலைத் தேநீருக்குக் கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் முடித்து, இருந்தபடியே வைத்துவிட்டால் போச்சு.

என்னை அடிமுட்டாள் என்று நினைக்க வேண்டாம். கைபேசியில் படிகளைப் படம் பிடித்துக்கொண்டேன். எந்தச் செருப்பு எந்த இடம் என்று அச்சுப் பிசகாமல். ஒன்று முதல் ஆறாவது படி வரை. பிறகு எல்லாவற்றையும் அள்ளி உள்ளே கொண்டுபோனேன். ஐயாவின் செருப்பைத் தொடவில்லை. அவ்வளவு மரியாதை எனக்கு உண்டு.

விளையாட்டு ஒரு மணி நேரம் அமர்க்களப்பட்டது. நடுவில் பேய்மழை பிடித்துக்கொண்டது. நாலரைக்குக் கண்கட்டை அவிழ்த்து, எல்லாரையும் ஓய்வெடுக்க அனுப்பிவிட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து முப்பத்திரண்டு ஜோடியையும் படியில் அடுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஐந்து மணிக்கு அக்கா கறிபாப் தட்டோடு வராந்தாவுக்கு வந்தார். பாதிப் பேர் அங்கே மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா மேலிருந்து படிகளைப் பார்த்து எண்ணினார்.

“முப்பத்திரெண்டு.”

“ஐயாவோட முப்பத்திமூணு!” என்றேன் நான்.

அக்கா சிரிக்கவில்லை. காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“இங்க இருந்தது எங்க?”

“எது அக்கா?”

“ஐயா செருப்பு.”

ஏழாவது படி காலியாக இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம் என்று சொல்லவேண்டியதில்லை. நான் எப்போதாவது சும்மா இருந்திருக்கிறேனா?

“வெளிய போயிருப்பாருக்கா. பாவம், எத்தன வருசம்தான் உள்ளயே இருப்பாரு. சிகரெட் வாங்கப் போயிருப்பாரு.”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“அவரு செத்து அஞ்சு வருசமாச்சு” என்றார் அக்கா.

கறிபாப்பை எடுக்கக் கை நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டார்.

“யாரு அதப் போட்டுட்டுப் போனது?” அக்கா எல்லாரையும் பார்த்துக் கேட்டார். பிறகு என்னை. “நீலம். செருப்பத் தொட்டியா?”

“வெளையாட்டுக்கு... ஆனா அப்படியே வெச்சிட்டேன்கா. படம் புடிச்சு, பாத்துப் பாத்து வெச்சிட்டேன்.” கைபேசியை நீட்டினேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. “அப்ப மறுபடியும் படி பொய் சொல்லுது” என்றார். அந்த ‘மறுபடியும்’ என்கிற சொல் என் காதில் விழுந்தது. அர்த்தம் விழவில்லை. “எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லு. தலைய எண்ணு. உடனே.”

எண்ணினேன். முப்பத்தொன்று. என்னையும் சேர்த்து இன்னொரு தடவை எண்ணினேன். மிஸ் கவிதா என்னைத் தள்ளிவிட்டு எண்ணினார். முப்பத்தொன்று.

“முனியாண்டி அண்ணன்!” என்றார் கவிதா.

எல்லாம் ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. நான் செருப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனபோதே அவர் வெளியே கிளம்பியிருக்கிறார். மகளின் நினைப்பில் விளையாட்டு முடியும்வரை யார் காத்திருப்பார்கள்? படியில் அவர் செருப்பு இல்லை. அது என் குவியலில், யாரும் எடுக்காமல் கிடந்ததை நான்தான் கவனிக்கவில்லை. இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு நான் வந்து, படத்தைப் பார்த்து, அவருடைய செருப்பை அவருடைய இடத்தில் கவனமாக, நேராக, அழகாக வைத்திருக்கிறேன். ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று.

“பாலத்துக்குப் போயிருக்காரு” என்றேன். “ஒன்றரை மணி நேரமாச்சு.”

“அவருக்கு சுகர் இருக்கு” என்றார் கவிதா. “என் முன்னாலதான் மாத்திர போட்டாரு. சோறு சாப்பிடவே இல்ல. அலமாக், என்ன சார் நீங்க, என்ன வேலை பாத்து வெச்சிருக்கீங்க!”

அக்கா அதற்குள் உள்ளே போய்ச் சமையல்கட்டிலிருந்து இனிப்பு டின்பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “மிஸ், நீங்க காரத் திருப்பி வாசல்ல நிறுத்துங்க. மத்தவங்க யாரும் எறங்கக் கூடாது. நீலம், வா.”

வெறுங்காலோடு இறங்கினார். ஈரமான ஏழு படியையும் இரண்டே எட்டில் தாண்டினார். நான் என் சிலிப்பரை மாட்டினேன். பத்தடியில் ஊக்கு தெறித்து, செருப்பு சேற்றோடு போயிற்று. மற்றதையும் உதறிவிட்டு ஓடினேன்.

செம்பனை ஓலைகளிலிருந்து தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டியது. ஐந்தரைக்கு உரிய வெளிச்சம் இல்லை. “அண்ணே! முனியாண்டி அண்ணே!” என்று கத்தினேன். மைக் இல்லாமல் என் தொண்டைக்கு இவ்வளவுதான் சக்தியா என்று இருந்தது. அக்கா கத்தவில்லை. கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். சேற்றில் தடம். பெரிய செருப்பின் தடம், பாதி மழையில் கரைந்து, பாலத்தை நோக்கி.

பாலம் தெரிந்ததும் அக்கா நின்றுவிட்டார்.

பாரிட்டில் பழுப்புத் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறி ஓடியது. பலகையில் ஆள் இல்லை. இந்தப் பக்கம் ஓரத்தில், சேற்றில் குத்திட்டு, மண்ணிறத் தோல் செருப்பு ஒன்று. ஒன்று மட்டும்.

“நீ போய்ப் பாரு” என்றார் அக்கா. டின்பாலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். “நான் இங்க நிக்கிறேன்.”

“அக்கா...”

“நான் ஒரு தடவ பாத்துட்டேன். நீ போ.”

நான் போனேன். பதினைந்தடி இருக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான பதினைந்தடியை நான் நடந்ததில்லை. கரை ஓரம் போய் எட்டிப் பார்க்கவேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

முதலில் தெரிந்தது ஒரு கை. தண்ணீருக்கு மேலே நேராக நீட்டிய கை, அதில் கைபேசி. அதற்குக் கீழே முனியாண்டி அண்ணன், நெஞ்சளவு தண்ணீரில், இன்னொரு கையால் பனை வேரைப் பிடித்துக்கொண்டு. உதடு வெளுத்திருந்தது. கண் சொருகியிருந்தது. ஆனால் அந்தக் கைபேசி மட்டும் ஒரு சொட்டு நனையக் கூடாது என்று பிடித்திருந்தார்.

“அக்கா! இருக்காரு! இருக்காருக்கா!”

வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவர் கையைப் பற்றினேன். வீரமாக ஒரே இழுப்பில் தூக்கலாம் என்று பார்த்தேன். நான்தான் சறுக்கி உள்ளே விழுந்தேன். குடித்த தண்ணீரின் ருசி இன்றைக்கும் நினைவிருக்கிறது. இப்போது காப்பாற்ற இரண்டு பேர். அப்போதுதான் என் சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். அக்கா கரையில் குப்புறப் படுத்து, காலால் பலகைக் கட்டையைக் கொக்கி போட்டுக்கொண்டு, “அவரத் தள்ளு! கீழேருந்து தள்ளுடா!” என்று கத்தினார். நான் தள்ள, அவர் இழுக்க, முனியாண்டி அண்ணன் மூட்டை மாதிரி கரைக்கு வந்தார்.

அக்கா அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, விரலால் டின்பாலை வழித்து வாயில் வைத்தார். “முழுங்குங்க. முழுங்கிருங்க. தூங்கக் கூடாது. என்னப் பாருங்க.” ஒரு வாய். இரண்டு வாய். பத்து. மழை அண்ணன் முகத்தில் வழிந்த பாலைக் கழுவிக் கழுவி விட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணன் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை.

“பொம்பளப் புள்ள தம்பி,” என்றார் குழறிக்கொண்டே. “ரொம்ப நேரம் நின்னேன், தல சுத்துச்சு. அப்பதான் போன் கால் வந்துச்சு. பேத்தின்னாங்க. குதிச்சிட்டேன். பலக வழுக்கிருச்சு.”

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இன்னொரு விரல் பால் வழித்துக் கொடுத்தார்.

இரண்டு பேருமாக அவரைத் தாங்கிப் பிடித்துப் பங்களாவுக்குக் கொண்டுவந்தோம். துடைத்து, உடை மாற்றி, சூடாக இனிப்புத் தேநீர் கொடுத்ததும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். காப்பாரில் கிளினிக்குக்குப் போய்க் காட்டிவிட்டு, டாக்டர் சரி என்றால் அப்படியே பேத்தியைப் பார்க்கக் கூட்டிப்போவதாக மிஸ் கவிதா சொன்னார். படியிறங்கும்போது முனியாண்டி அண்ணன் மூன்றாவது படியில் நின்று தன் சொந்தச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கார் போனதும் அந்த இரண்டு காலி இடத்தையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். சரி, இரண்டு பேர் வெளியே.

நான் படியில் உட்கார்ந்தேன். கையில் அந்த ஒற்றைத் தோல் செருப்பு. வரும்போது சேற்றிலிருந்து பிடுங்கி எடுத்து வந்திருந்தேன். இன்னொன்று தண்ணீரோடு போய்விட்டது. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். விருந்தாளிகள் இருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“அன்னிக்கும் இதே மாதிரி மழ” என்றார். “நான் சமையல்கட்டுல. இவரு புக்கிங் விசயமா யாருக்கோ பேச பாலத்துக்குப் போயிருக்காரு. அவசரத்துல என் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிருக்காரு. நான் வந்து பாக்குறேன், அவரு செருப்பு படியில இருக்கு. சரி, உள்ள தூங்குறாருன்னு நெனச்சேன். எழுப்ப வேணாம்னு ரெண்டு மணி நேரம் சத்தமில்லாம சமைச்சேன். மாரடைப்புன்னாங்க. சீக்கிரம் பாத்திருந்தா பொழைச்சிருப்பாருன்னும் சொன்னாங்க.”

நாலு வருஷமாக மைக்கில் நான் கத்திய அத்தனையும் காதுக்குள் வரிசையாக வந்தன. குடிகாரர். குளிக்காதவர். ஐயாவோட இருபத்தொம்பது.

“மன்னிச்சிருங்கக்கா.”

“மன்னிக்கிறதா? உன்ன வெளக்குமாத்தால அடிச்சிருப்பேன். அந்த மனுசனுக்கு மட்டும் ஏதாச்சும் ஆயிருந்தா...” இரண்டு கையையும் முழங்காலுக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டார்.

நான் எழுந்து, அந்த ஒற்றைச் செருப்பைச் சட்டை முனையால் துடைத்து, ஏழாவது படியின் வலது ஓரத்தில் வைக்கப் போனேன்.

“வேணாம்” என்றார்.

நான் குனிந்தபடியே நின்றேன்.

“ஆள் வெளிய போனா செருப்பு படியில இருக்கக் கூடாது” என்றார் அக்கா.

எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மழை விட்டிருந்தது. படியிறங்கி, அதே வெறுங்காலோடு, பாலத்துப் பக்கம் நடந்தார். நான் கூடப் போகவில்லை. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது. குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

ஏழரைக்குச் சோறு தயார். எல்லாரும் வராந்தாவுக்கு வந்து நின்றார்கள். அக்கா வந்து படியைப் பார்த்தார். என் சிலிப்பர் சேற்றில் போய்விட்டதால், நான் காலில் போட ஒன்றுமில்லாமல், என் இடத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஆள் உள்ளே இருப்பதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டுமே. அக்கா அதையும் எண்ணினார்.

“முப்பது” என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டிய இடம் அது. மைக்கும் கையில்தான் இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஏழாவது படியைப் பார்த்தார், பிறகு என்னை.

“என்னா முழிக்கிற? முப்பதுதான். போய்த் தட்ட எடு லா.”